பனைகளையும் பனையை நாடி வரும் உயிர்களையும் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி: கொழிஞ்சாம்பாறை வட்டாரத்திலிருந்து

கோவையிலிருந்து வேலந்தாவளம் வழியாகவோ, பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகவோ கேரளத்துக்குள் நுழைபவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது பனைதான். தென்னந்தோப்பும் வயலும் அதற்குப் பிறகே வருகின்றன. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஆகிய ஊராட்சிகள் மழை மறைவில் கிடக்கும் வறண்ட நிலம். கேரளத்தில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத கரிசல் மண் இங்கே உண்டு. நிலக்கடலையும் பருத்தியும் விளைந்த மண் அது. இங்குள்ளவர்களில் பெரும்பாலோர் வீட்டில் தமிழ் பேசுபவர்கள். வரப்புகளிலும் வாய்க்கால் கரைகளிலும் நிற்கும் பனைகளை நாள்தோறும் கடந்து போகும் இவர்களுக்கு, ஒரு பனையில் எத்தனை உயிர்கள் குடியிருக்கின்றன என்று உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு பெரும்பாலும் வாய்ப்பதில்லை. அப்படி உட்கார விரும்புபவர்களுக்கான முறை இங்கே சொல்லப்படுகிறது. வெளிநாட்டுப் பாலைநிலத் தாவரத் தோட்டங்களுக்குப் போக நேர்பவர்களுக்கும் இதே முறை உதவும் என்பதால், அதைப் பற்றியும் பின்னால் ஒரு பகுதி உண்டு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பனையைப் பார்க்கப் போகிறவர் பச்சை ஓலையை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஆனால் மரத்தின் காய்ந்த பகுதிகளில்தான், அதாவது தொங்கும் காவோலையிலும், வெட்டாமல் விட்ட மட்டையடியிலும், தலை போன மொட்டைத் தண்டிலும்தான் உயிர்கள் அதிகம் தங்குகின்றன. எந்த மரத்தின் எதிரே உட்காருவது என்பதில் தொடங்கி எந்த மாதம் வருவது என்பதுவரை, கீழே சொல்லப்படும் எல்லாமே இதை ஒட்டியவைதான்.

முதற்படி: இடத்தையும் மரத்தையும் தேர்ந்தெடுத்தல்

பத்துத் தோப்புகளைச் சுற்றி வருவதைவிட ஒரே தோப்பில் மூன்று மரங்களைத் தேர்ந்துகொண்டு அவற்றிடமே திரும்பத் திரும்ப வருவது பயனுள்ளது. அந்த மூன்றில் ஒன்று, காவோலை கழிக்கப்படாமல் பாவாடை போலச் சுற்றித் தொங்கும் மரமாக இருக்க வேண்டும். இரண்டாவது, நீர்நிலைக்கு அருகில் நிற்பதாக இருக்கட்டும்; கோரையாற்றங்கரையோ, பாசன வாய்க்காலோ, ஏரியோ எதுவானாலும் சரி. மூன்றாவது, இடி விழுந்தோ நோய்ப்பட்டோ தலையை இழந்து வெறும் தூணாக நிற்கும் பட்ட பனை. இந்த மூன்றும் ஒரே பார்வைத் தொலைவில் அமைந்துவிட்டால் இடத்தை மாற்ற வேண்டிய தேவையே இருக்காது.

வரப்பில் நிற்கும் பனை யாரோ ஒருவருக்கு உரியது. காட்டுக்காரரை, அதாவது நிலத்துக்கு உரியவரை, தேடிப் போய், "அண்ணா, குருவி பார்க்க வந்தோம், இந்த வரப்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொள்ளட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், மறுப்பவர் அநேகமாக இருக்கமாட்டார், மலையாளம் பேசுபவரானால் "சேட்டா" என்று தொடங்கினால் போதும். கள்ளிறக்கும் பனையாக இருந்தால் மரமேறும் தொழிலாளரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் காலையிலும் மாலையிலும் மரமேறுகிறார். அந்த நேரத்தில் அடியில் ஆள் நின்றால் அவருக்கும் இடைஞ்சல், மேலிருந்து மட்டையோ பாளைச் சீவலோ விழுந்தால் நமக்கும் காயம். மற்றொரு பயனும் உண்டு. எந்த மரத்தில் மரநாய் கலயத்தைக் கவிழ்க்கிறது, எந்தப் பொந்தில் கிளி முட்டையிட்டிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்த அளவுக்கு எந்தப் பறவை நூலுக்கும் தெரியாது.

வாளையாறு, கஞ்சிக்கோடு, மலம்புழை ஆகிய மலையடிவாரப் பகுதிகளில் யானை நடமாட்டம் உண்டு. அங்கே அந்தி சாய்ந்த பிறகும் விடியலுக்கு முன்பும் தனியாகத் தோப்புகளில் உட்காரக் கூடாது. புதிதாகத் தொடங்குபவர்கள் காட்டை ஒட்டாத கொழிஞ்சாம்பாறைச் சமவெளியோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை.

இரண்டாம்படி: எந்தப் பனை என்று அறிதல்

ஓலையின் வடிவத்தைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். விசிறி போல விரிந்த ஓலை என்றால் பனை அல்லது தாளிப்பனை. இறகு போல நடுநரம்பின் இருபுறமும் கீற்று விட்டிருந்தால் தென்னை, பாக்கு, ஈச்சை ஆகியவற்றுள் ஒன்று. மீனின் வால் போன்ற துண்டுகள் இரட்டையாகக் கிளைத்திருந்தால் கூந்தல்பனை.

வறண்ட கிழக்கில் பெருவாரியாக நிற்பது நம் பனை. மலையாளத்தில் கரிம்பனை என்பார்கள். 30 மீட்டர் வரை உயரும். மட்டையின் இரு ஓரங்களிலும் ரம்பப் பல் போன்ற கருக்கு இருப்பது இதன் அடையாளம். தாளிப்பனையின் ஓலை இதைவிட மிகப் பெரியது; ஒரே ஓலை 5 மீட்டர் அகலம் வரை விரியும். அது 30 முதல் 80 ஆண்டுகள் வரை வளர்ந்து, வாழ்நாளில் ஒரே ஒரு முறை உச்சியில் பெருங்கொத்தாகப் பூத்து, காய் முற்றியதும் பட்டுப்போகும். பூத்த தாளிப்பனை ஒன்று கண்ணில் பட்டால், மற்றத் திட்டங்களை ஒதுக்கி வைத்துவிட்டு அந்த ஆண்டு முழுவதும் அதைப் பின்தொடரலாம். கூந்தல்பனை மேற்கே ஈரமான பகுதிகளில்தான் அதிகம். அது மேலிருந்து கீழாகப் பூத்துக்கொண்டே வந்து, கடைசிக் குலையோடு உயிரை முடித்துக்கொள்ளும்.

ஈச்சையைத் தொடாமல் அடையாளம் காண்பது நல்லது, ஏனெனில் அதன் ஓலையடியில் உள்ள கீற்றுகள் நீண்ட முட்களாக மாறியிருக்கும். வரப்பில் புதராக நிற்பது சிற்றீச்சை; தனித் தண்டோடு உயர்ந்து நிற்பது ஈச்சமரம். இவற்றையெல்லாம் பெயர்ப்பலகையோடு ஒரே இடத்தில் பார்க்க விரும்புபவர்கள், 1979 இல் திருவனந்தபுரம் மாவட்டத்துப் பாலோட்டில் தொடங்கப்பட்ட தாவரத் தோட்ட ஆய்வு நிறுவனத்தின் பனையினத் தோப்புக்குப் போகலாம். அது மழைக்காட்டுப் பகுதி. அங்கே இனங்களைக் கற்றுக்கொண்டு, உயிர்களைப் பார்க்க இங்கே வருவது நல்ல ஏற்பாடு.

மூன்றாம்படி: ஆண், பெண், வடலி

பனையில் ஆண்மரமும் பெண்மரமும் தனித்தனி. விதையிலிருந்து முளைத்த வடலி 12 முதல் 20 ஆண்டுகள் கழித்துப் பாளை விடும்வரை, இது எது என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. பாளை வந்த பிறகு ஐயமே இருக்காது: விரல் போன்ற நீண்ட கதிர்கள் கொத்தாகத் தொங்கினால் ஆண், உருண்டைக் காய்கள் குலையாக ஒட்டியிருந்தால் பெண். ஆண்பனையின் கதிர்களில் பூ விரியும் காலையில் கொம்புத் தேனீக்களும் கொசுத் தேனீக்களும் மொய்க்கும். அவற்றைப் பிடிக்கக் கரிச்சான்களும் பஞ்சுருட்டான்களும் அருகில் காத்திருக்கும். நுங்கு இல்லாத மரம் என்று ஆண்பனையை ஒதுக்குபவர்கள் இந்த விருந்தைத் தவறவிடுகிறார்கள்.

வடலியையும் கவனிக்க வேண்டும். அதன் தண்டில் வெட்டப்படாத மட்டையடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் மறுக்குமாக அடுக்கியிருக்கும். அந்த இடுக்குகளில் மண்ணும் சருகும் சேர்ந்து ஈரம் தங்குவதால் பல்லி, அரணை, தேள், பூரான் எல்லாம் ஒளிந்துகொள்ளும். ஆல், அரசு, இச்சி முதலானவற்றின் பழத்தைத் தின்ற குக்குறுவானும் மைனாவும் குயிலும் எச்சமிடும்போது விதை இந்த இடுக்கில் விழுந்து முளைக்கிறது. சில பத்தாண்டுகளில் ஆலின் விழுதுகள் பனையைச் சுற்றி வளைத்துக்கொள்ள, நடுவே பனையின் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காட்சியை இந்த வட்டாரத்தில் பல இடங்களில் காணலாம். அத்தகைய இரட்டை மரம் கிடைத்தால் அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். ஆலம்பழம் பழுக்கும் நாட்களில் பறவைகளை எண்ணி முடிக்கவே நேரம் போதாது.

நான்காம்படி: அடியிலிருந்து தொடங்குதல்

தலையை நிமிர்த்தும் முன் தரையைப் படிக்க வேண்டும். மேலே யார் இருக்கிறார்கள் என்பதற்கான சான்று கீழே விழுந்து கிடக்கும். மயிர், எலும்புத் துணுக்கு, வண்டின் ஓடு ஆகியவை உருண்டையாகக் கட்டிக் கிடந்தால் மேலே ஆந்தையோ கூகையோ உண்டு. கொட்டைகள் நிறைந்த, நீளமான எச்சம் கல்லின் மேலோ விழுந்த தண்டின் மேலோ கிடந்தால் அது மரநாயினுடையது. வெள்ளைச் சிறு கறைகளும் மெல்லிய இறகுகளும் ஓலைக்கு நேர் கீழே சிதறியிருந்தால், அங்கே பனை உழவாரன் கூடு கட்டியிருக்க வாய்ப்பு அதிகம். மென்று துப்பிய பழச்சக்கை பழந்தின்னி வௌவாலைக் காட்டிக்கொடுக்கும். விரிந்த ஓலையில் கத்தரியால் வெட்டியது போன்ற முக்கோண வெட்டுகள் தெரிந்தால் காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்திருக்கிறது என்று பொருள். ஓலை மடிந்திருந்தபோது போட்ட ஒரு துளை, விரிந்தபின் பல வெட்டுகளாகத் தெரிகிறது.

இந்த வேலையின்போது கையால் எதையும் புரட்டக் கூடாது. குவிந்து கிடக்கும் காய்ந்த மட்டைகளுக்குள் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்துக்குக் கண்ணாடி விரியனும் சாரையும் வரும். சுருட்டை விரியன் இத்தகைய வறண்ட கல்லாங்காட்டில் சருகின் நிறத்திலேயே கிடக்கும். கணுக்காலை மூடும் செருப்பு அணிய வேண்டும். நீளமான கோலால் தரையைத் தட்டிக்கொண்டே நடக்க வேண்டும். கடி பட்டுவிட்டால் கட்டுப்போடுவதிலும் வாயால் உறிஞ்சுவதிலும் நேரத்தை வீணாக்காமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்துக்கொண்டு, நஞ்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போவதுதான் சரியான வழி. போகும் முன்பே அந்த மருத்துவமனை எது என்று விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம்படி: காவோலையைப் பார்த்தல்

பனையில் மிகுந்த நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஒரு மரத்தின் தலையில் 30 முதல் 40 ஓலைகள் வரை இருக்கும். மேலே குருத்து விரிய விரிய அடிவரிசை ஓலைகள் காய்ந்து தொங்கும். அடுப்பெரிக்கவும் வேலியடைக்கவும் கழித்துவிடாத மரங்களில் இவை தண்டைச் சுற்றித் திரைபோல் நிற்கின்றன. வெயிலிலும் காற்றிலும் மழையிலும் உள்ளே ஒதுங்க இடம் கிடைப்பதால், சிறிய உயிர்களுக்கு இதைவிட நல்ல புகலிடம் இந்த வெட்டவெளியில் இல்லை.

இங்கே தேட வேண்டிய முதல் பறவை பனை உழவாரன். ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் நீளம், வெளிறிய பழுப்பு நிறம், வில் போல வளைந்த ஒடுங்கிய சிறகு, பெரும்பாலும் மூடியே இருக்கும் பிளந்த வால். இதன் கால்கள் மிகக் குட்டையானவை. கம்பியிலோ கிளையிலோ உட்கார இயலாது, செங்குத்தான பரப்பில் நகத்தால் பற்றித் தொங்க மட்டுமே முடியும். பனையோலையின் மடிப்பு அதற்கு ஏற்ற சுவர். இறகையும் பஞ்சையும் பறந்தபடியே சேகரித்து, தன் எச்சிலால் ஓலையின் அடிப்புறத்தில் ஒட்டிச் சிறிய கிண்ணம் ஒன்றை அமைத்து, அதில் 2 அல்லது 3 முட்டை இடும். பனை இருக்கும் இடத்தில்தான் இந்தப் பறவை இருக்கும் என்று துணிந்து சொல்லலாம். கூட்டை நேரில் பார்ப்பது கடினம். ஆனால் பறவை உள்ளே நுழையும் ஓலையைக் கண்டுபிடிப்பது எளிது. மரத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி, கதிரவன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி உட்கார்ந்து, ஒரே பறவையின் வட்டத்தை மட்டும் கண்ணால் பின்தொடர வேண்டும். கூட்டமாகப் பறக்கும்போது ஒன்றை விட்டு மற்றொன்றுக்குத் தாவினால் எதுவும் தெரியாது.

காய்ந்த மட்டைகளின் மேலும் பட்ட பனைகளின் உச்சியிலும் உடலோடு உடல் ஒட்டி வரிசையாக உட்கார்ந்திருக்கும் சாம்பல் நிறப் பறவைகளை ஆஷி வுட்ஸ்வாலோ என்று பறவை நூல்கள் குறிக்கின்றன. நீலம் கலந்த சாம்பல் அலகும், அகன்ற முக்கோணச் சிறகோடு சறுக்கிப் பறக்கும் விதமும் அடையாளம். காகமோ பருந்தோ பக்கத்தில் வந்தால் கூட்டமாகத் துரத்தும் அவற்றின் துணிவைக் காண்பதற்காகவே ஒரு காலைப்பொழுதைக் கொடுக்கலாம்.

சிறிய வௌவால்கள் காவோலை மடிப்பில் பகலில் ஒட்டியிருக்கும். அந்தியில், சூரியன் மறைந்த சில நிமிடங்களில், ஓலையின் கீழ் விளிம்பை வானத்தின் வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பார்த்தால் அவை ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்து பறப்பது தெரியும். ஓலையைக் கோலால் தட்டி அவற்றைக் கிளப்புபவர்கள் உண்டு. பகல் வெளிச்சத்தில் வெளியே தள்ளப்பட்ட வௌவால் காகத்துக்கும் வல்லூறுக்கும் இரையாகிவிடும் என்பதால் அது கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டிய செயல். மரத்தைத் "துப்புரவாக" வைக்கிறேன் என்று கூடு கட்டும் பருவத்தில் காவோலை கழிப்பதும் அதே அளவு கேடுதான்; விறகுக்குத் தேவைப்படுபவர்கள் கழிக்கும் முன் பறவை நுழைகிறதா என்று அரைமணி நேரம் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆறாம்படி: தலை போன பனை

பனைக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்றுதான். அந்தக் குருத்து அழிந்தால் மரம் மீளாது. வேப்பமரம் போலப் பக்கத்தில் துளிர்க்க வழியில்லை. தண்டின் வெளிப்புறம் இரும்பு போல் வைரமாகவும் உட்புறம் மென்மையான சோறாகவும் இருப்பதால், பட்ட பிறகு உள்ளே மக்கிக் குழாயாகிவிடும். வெளியே ஓடு மட்டும் பல ஆண்டுகள் நிற்கும். இந்த அமைப்புதான் பொந்தில் வாழும் பறவைகளை ஈர்க்கிறது. பொன்முதுகு மரங்கொத்தி பக்கவாட்டில் துளை போடும். அது விட்டுச் சென்ற துளையைச் செந்தார்ப் பைங்கிளியும் மைனாவும் புள்ளி ஆந்தையும் ஒன்றை ஒன்று விரட்டிப் பிடித்துக்கொள்ளும். திறந்த உச்சிக் குழிவில் பனங்காடை முட்டையிடும்.

பனங்காடையின் காதலாட்டத்தைப் பார்க்க மார்ச் முதல் ஜூன் வரை வர வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது மங்கிய பழுப்பாகத் தெரியும் பறவை, கரகரத்த குரலோடு மேலே ஏறி, இறகை மடக்கிப் புரண்டு விழுந்து, இருநிற நீலத்தைப் பளிச்செனக் காட்டி மீண்டும் எழும்பும். பட்ட பனையின் உச்சியிலிருந்து இதைத் தொடங்கும் என்பதால், அந்த மரத்துக்கு மேலே உள்ள வானம் முழுவதும் பார்வையில் படும்படி இடத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். பொந்துக்கு நேரெதிரே உட்காரக் கூடாது. இரை கவ்வி வந்த பறவை வாயிலில் நுழையாமல் சுற்றிச் சுற்றி அலைந்தால், நாம் மிக அருகில் இருக்கிறோம் என்று பொருள். அக்கணமே பின்வாங்க வேண்டும்.

பட்ட பனை எதற்கும் உதவாது என்று வெட்டிச் செங்கற்சூளைக்கு அனுப்பும் வழக்கம் இந்த மாவட்டத்தில் நெடுநாளாக உண்டு. விற்பவருக்குக் கிடைக்கும் தொகை பெரிதல்ல என்பதால், வரப்பில் இடைஞ்சலாக இல்லாத ஒன்றிரண்டையாவது விட்டுவையுங்கள் என்று காட்டுக்காரரிடம் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. சாலையோரத்திலும் வீட்டருகிலும் நிற்பதை அவ்வாறு கேட்கக் கூடாது. ஆடி மாதக் காற்றில் அது முறிந்து விழும்.

ஏழாம்படி: தூக்கணாங்குருவிக் குடியிருப்பு

நீரருகே நிற்கும் இரண்டாவது மரத்தை இதற்காகத்தான் தேர்ந்தெடுத்தோம். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் ஆண் குருவிகளின் தலை மஞ்சளாகும். புல்லிலும் நெல்லிலும் பனையோலையிலும் அலகால் ஒரு வெட்டுப் போட்டு, நுனியைக் கவ்விப் பறந்து, 20 முதல் 60 சென்டிமீட்டர் நீள நார்களாக உரித்து எடுக்கும். ஒரு கூட்டை முடிக்க ஓர் ஆண் 500 முறை வரை பறந்து போய் வரும்.

கட்டுமானத்தைப் படிப்படியாகக் கவனிப்பதுதான் இங்கே உள்ள சுவை. முதலில் ஓலை நுனியில் ஒரு முடிச்சு, பிறகு வளையம், பிறகு கவிழ்த்த தலைக்கவசம் போன்ற அரைக்கூடு. இந்த நிலையில் ஆண் வேலையை நிறுத்திவிட்டு, தொங்கியபடி சிறகடித்துப் பெண்ணை அழைக்கும். பெண் வந்து உள்ளே புகுந்து ஆராயும். பிடித்தால்தான் மீதி நுழைகுழாய் கட்டப்படும். பிடிக்காவிட்டால் அரைக்கூடு அப்படியே காய்ந்து தொங்கும். எனவே ஒரு மரத்தில் தொங்கும் கூடுகளை எண்ணி அத்தனை குடும்பம் என்று எழுதிக்கொள்வது பிழையான கணக்கு. நுழைகுழாய் உள்ள கூடு, அரைக்கூடு, பழைய பழுப்புக் கூடு என மூன்றாகப் பிரித்து எண்ண வேண்டும். அரைக்கூட்டின் உட்புறம் ஈரக் களிமண் பூசுவதையும் இருநோக்கி வழியாகக் காணலாம்.

கூடுகள் பெரும்பாலும் மரத்தின் கிழக்குப் பக்கத்தில் இருக்கும் என்பது பறவையியலாளர்களின் கவனிப்பு. ஜூன் முதல் ஆகஸ்டு வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும் காற்றின் வேகத்தை அறிந்த இந்த வட்டாரத்தாருக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. உங்கள் மரத்தில் எந்தத் திசையில் எத்தனை கூடு என்று திசைகாட்டி வைத்துக் குறித்துக்கொண்டால், அதுவே பயனுள்ள பதிவாகும். காற்றில் விழுந்த பழைய கூட்டைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாமல் பார்த்துவிட்டு வைத்துவிடலாம். மரத்தில் உள்ள கூட்டையும் முட்டையையும் எடுப்பது 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

எட்டாம்படி: இரவு

இரவுப் பார்வைக்குக் குறைந்தது இருவர் போக வேண்டும். காட்டுக்காரருக்கும் சொல்லியிருக்க வேண்டும், இல்லையென்றால் திருடர் என்று நாய் துரத்தும். கைவிளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொண்டால் விலங்குகள் அவ்வளவாக மிரளாது.

மரநாய் பகலில் பனையின் தலையிலோ பொந்திலோ தூங்கிவிட்டு, இருட்டிய பிறகு இறங்கும். கள்ளுக் கலயத்தில் வாய் வைக்கும் பழக்கம் இதற்கு உண்டு. ஈச்சம்பழமும் கூந்தல்பனைப் பழமும் பழுக்கும் காலத்தில் அந்த மரங்களின் அடியில் காத்திருந்தால் காணும் வாய்ப்புக் கூடுதல். விளக்கொளியில் கண் மின்னியதும் ஒளியை ஒதுக்கிவிட வேண்டும்.

கூந்தல்பனை உள்ள தோட்டங்களில் மற்றொரு வியப்பு உண்டு. குறுமூக்குப் பழந்தின்னி வௌவாலின் ஆண், தொங்கும் காய்க்குலையின் நடுச் சரங்களைக் கடித்துத் துண்டித்து, மணி போன்ற வெற்றிடம் ஒன்றை உள்ளே அமைத்து, அதில் பெண்களோடு தங்கும். தென்னிந்தியாவில் இது ஆய்வாளர்களால் விரிவாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது. குலையின் நேர் கீழே நின்று மேலே பார்த்தால்தான் குழிவு தெரியும். பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் காய்க்குலை.

எந்த மாதத்தில் எதற்காக வருவது

ஜனவரி முதல் ஏப்ரல் வரை பாளைக் காலம். தேனீயும் தேனீயைத் தேடும் பறவைகளும், அவற்றோடு கம்பிகளில் வலசைத் தகைவிலான்களும். மார்ச் முதல் மே வரை நுங்கும் பொந்துப் பறவைகளும். இந்த மாதங்களில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும் நாட்கள் உண்டு. காலை 6 மணி முதல் 9 மணி வரையும் மாலை 4.30 மணிக்குப் பிறகும் மட்டுமே உட்கார வேண்டும், நடுப்பகலில் பறவையும் இராது, பார்ப்பவருக்கும் தலை சுற்றும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தூக்கணாங்குருவி. ஆகஸ்டை ஒட்டிப் பனம்பழம் விழத் தொடங்கும். விழுந்த பழத்தைத் தேடி எறும்பு, வண்டு, அணில், காட்டுப்பன்றி என எல்லாம் வரும், எனவே அடியில் உட்காருவதைத் தவிர்க்க வேண்டும். பனம்பழம் தலையில் விழுந்தால் தாங்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. புல் தழைத்து, மயில்கள் வரப்பில் குஞ்சுகளோடு மேயும்.

பாலைநிலத் தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு

இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பலர் வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் வேலை பார்க்கிறார்கள். பெற்றோர் அங்கே போய்ச் சில மாதம் இருந்துவிட்டு வருகிறார்கள். அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் 1939 இல் நிறுவப்பட்ட பாலைநிலத் தாவரத் தோட்டம் போன்ற ஓரிடத்துக்குப் போக நேர்ந்தால், கள்ளிகளை மட்டும் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல் அந்தப் பகுதியின் விசிறிப்பனைகளின் அருகிலும் நிற்கலாம். வாஷிங்டோனியா எனப்படும் அந்தப் பனை, வெட்டாமல் விட்டால் காய்ந்த ஓலைகளைத் தரைவரை பாவாடையாகத் தொங்கவிடும். அந்தக் காவோலைக்குள் மேற்கத்திய மஞ்சள் வௌவால் தங்குகிறது. ஓலையின் அடிப்புறத்தில் நாரால் தைத்தது போலக் கூடு கட்டுவது ஹூடட் ஓரியோல் என்னும் மாங்குயிலினப் பறவை. இங்கே பனை உழவாரனும் தூக்கணாங்குருவியும் செய்வதை அங்கே வேறு உயிர்கள் செய்கின்றன. பொந்துப் பறவைகளுக்கு அங்கே பட்ட பனைக்குப் பதிலாக சகுவாரோ என்னும் பெருங்கள்ளி உண்டு. கிலா மரங்கொத்தி துளைக்கும் பொந்தில் குட்டி ஆந்தை குடியேறும். பாதையை விட்டு இறங்கக் கூடாது என்ற விதி அங்கே கடுமையானது. கள்ளி முள்ளுக்கும் விரியனுக்கும் அஞ்சியாவது அதைக் கடைப்பிடிக்க வேண்டும்.

குறிப்பேடும் கருவியும்

8 மடங்கு பெரிதாக்கும் இருநோக்கி போதும். அதைவிட உயர்ந்தது கையில் ஆடும். கேமரா இல்லாமலேயே தொடங்கலாம். என் கருத்தில் முதல் பருவத்தில் அது இல்லாமல் இருப்பதே மேல், ஏனெனில் படமெடுப்பவர் கூட்டை நோக்கி நகர்ந்துகொண்டே இருப்பார். கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதைக் கூடு கட்டும் காலத்தில் செய்யவே கூடாது.

குறிப்பேட்டில் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, மரத்தின் படத்தைக் கோட்டுருவமாக வரைந்து, அடி, தண்டு, காவோலை, பாளை, குருத்து என்று பிரித்துக்கொள்ள வேண்டும். நாள், தொடங்கிய நேரம், முடித்த நேரம், காற்றின் திசை, கள்ளிறக்குகிறார்களா இல்லையா, காவோலை கழிக்கப்பட்டுள்ளதா என்பவற்றை முதலில் எழுதி, பிறகு எந்த உயிர் எந்தப் பகுதியில் என்ன செய்தது என்று எழுத வேண்டும். ஒன்றும் வராத நாளையும் "ஒன்றும் இல்லை" என்று எழுதி நேரத்தைக் குறிக்க வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால், ஓர் ஆண்டு கழித்துப் பார்க்கையில் பறவை வரவில்லையா, நாம்தான் போகவில்லையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பறவைப் பட்டியலை இ-பேர்டு தளத்தில் பதிவேற்றுபவர்கள், ஆந்தை, கிளி போன்றவற்றின் பொந்து எந்த மரத்தில் என்பதை மட்டும் எழுதாமல் விட வேண்டும். குஞ்சு பிடிப்பவர்களும் அந்தப் பக்கங்களைப் படிக்கிறார்கள்.